கடைக் கணினிக்கு மென்பொருள் எழுதப் போகிறீர்களா? இடைமுக நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முழு வரிசை

யாழ்ப்பாணத்தில் புதிதாக மென்பொருள் எழுதப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கடைக்கான வேலைதான். சுன்னாகத்தில் மருந்துக் கடை, கஸ்தூரியார் வீதியில் நகைக் கடை, நெல்லியடியில் இரும்புச் சாமான் கடை. எங்கே போனாலும் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான்: பில் அடிக்க வேண்டும், இருப்புத் தெரிய வேண்டும், பெயர்கள் தமிழில் வர வேண்டும், இணையம் அறுந்தாலும் வியாபாரம் நிற்கக் கூடாது. அதனால் மேசைக் கணினி மென்பொருளையே கேட்கிறார்கள்.

புதியவர்கள் இடறும் இடமும் ஏறத்தாழ ஒன்றுதான். பார்வைக்கு அழகாக இருந்த ஓர் இடைமுக நூலகத்தை, அதாவது சாளரம், பொத்தான், உரைப்பெட்டி ஆகியவற்றைத் திரையில் வரைந்து தரும் ஆயத்த நிரல் தொகுப்பை, பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் எழுதுகிறார்கள். கடையில் நிறுவும் நாளன்றுதான் அது அந்தக் கணினியில் ஓடவே ஓடாது என்றோ, பற்றுச்சீட்டில் தமிழ் சிதைகிறது என்றோ தெரியவருகிறது. அந்த நாளில் தெரியவருவதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் பார்க்க வேண்டியவற்றைக் குறைக்கிறது. ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் கடைக்குப் போய் எழுதி எடுத்து வாருங்கள்

நூலகங்களைப் பற்றி வாசிப்பதற்கு முன் ஒரு தாளை நிரப்புங்கள். கடைக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7, 10, 11 ஆகியவற்றில் எது? அது 32 பிட்டா, 64 பிட்டா? நினைவகம் எவ்வளவு? திரையின் அளவு என்ன? அச்சுப்பொறி எந்த வகை, தாளின் அகலம் எவ்வளவு? பார்கோடு வருடி இருக்கிறதா? கணினிக்கு முன் அமரப் போகிறவர் யார், அவர் எந்த விசைப்பலகை முறையில் தமிழ் தட்டுகிறார்?

முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டால் "நல்ல கணினிதான் தம்பி" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. நேரில் போய்க் கணினியைத் திறந்து நீங்களே பாருங்கள்.

பழைய தரவு எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். நம் ஊரில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருப்பது வழக்கம். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினியைப் போட்டால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். புதிய மென்பொருளிலும் பாமினியையே வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் தேடல், அகரவரிசை, வேறு நிரலுக்குத் தரவு அனுப்புதல் எல்லாமே கெட்டுப்போகும். தரவை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பாமினியை மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. அந்தக் கணினியில் ஓடாதவற்றை நீக்குங்கள்

தாளில் எழுதி வந்தவற்றுக்குப் பயன் இங்கே கிடைக்கும். கியூட் (Qt) 6 நூலகத்துக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 32 பிட் விண்டோஸுக்கு அதன் ஆயத்தப் பொதிகள் வருவதில்லை. விண்டோஸ் 7 என்றால் கியூட் 5.15 வரைதான் போகலாம். பைத்தனில் 3.8தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. புதிய பைத்தனில் எழுதிவிட்டுப் பிறகு கீழிறக்கப் பார்ப்பது வீண் உழைப்பு.

இணையப் பக்கம் போலவே சாளரத்தை எழுதவிடும் எலெக்ட்ரான் (Electron) தன்னோடு ஒரு முழு உலாவியையே தூக்கிக்கொண்டு வருகிறது. ஒரு பொத்தான் மட்டும் உள்ள செயலியே 100 மெகாபைட்டைத் தாண்டும்; நினைவகத்தையும் அதே தாராளத்தோடு தின்னும். 2023இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து அது விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டுவிட்டது. அதே வகையான டவ்ரி (Tauri) தனியாக உலாவி கொண்டுவராமல், இணையப் பக்கத்தைக் காட்ட இயங்குதளத்தில் உள்ள வெப்வியூ என்ற பகுதியைப் பயன்படுத்துவதால் சிறியது. ஆனால் அந்த வெப்வியூ கடைக் கணினியில் இருக்க வேண்டும்.

மிகப் பழைய கணினி என்றால் இரண்டு வழிகள் நம்பகமானவை. ஒன்று, மைக்ரோசாஃப்டின் டாட் நெட் ஃபிரேம்வொர்க் (.NET Framework) 4.8 மீது ஓடும் வின்ஃபார்ம்ஸ் (WinForms) நூலகம். மற்றது லாசரஸ் (Lazarus): பாஸ்கல் மொழி, ஒரே ஒரு சிறிய இயங்கு கோப்பு. பாஸ்கலைப் பழைய மொழி என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். குறைந்த நினைவகமுள்ள கணினியில் லாசரஸ் நிரல் திறக்கும் வேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. கணினியை மாற்றும் எண்ணம் முதலாளிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பழைய பதிப்புகளோடு நீங்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை.

3. ஒரே சாளரம் கொண்ட சோதனை நிரல் எழுதுங்கள்

இந்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று நூலகங்களே மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சாளரம் எழுதுங்கள். அதில் ஓர் உரைப்பெட்டி, ஓர் அட்டவணை, "அச்சிடு" என்ற ஒரு பொத்தான் இருந்தால் போதும். எண்ணும் குறிப்புமாகச் சில ஆயிரம் பொய்ப் பொருட்களை அட்டவணையில் ஏற்றுங்கள்.

அட்டவணையைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மருந்துக் கடையில் ஆயிரக்கணக்கான பொருட்கள் இருக்கும். பத்து வரியில் சீராக ஓடிய அட்டவணை அங்கே இழுத்துக்கொண்டு நிற்கும். கியூட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பொருளை உருவாக்கும் எளிய அட்டவணையும் உண்டு, தரவு மாதிரியிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் காட்டும் அட்டவணையும் உண்டு. பயிற்சிக் குறிப்புகள் முதலாவதையே காட்டுகின்றன. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அடுத்த மூன்று படிகளிலும் இந்தச் சோதனை நிரலைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

4. தமிழைச் சோதியுங்கள்

"ஒருங்குறியை ஆதரிக்கிறது" என்று நூலகத்தின் அறிமுகப் பக்கம் சொல்வது போதாது. ஒருங்குறியைச் சேமிப்பது ஒரு வேலை, தமிழ் எழுத்தைச் சரியாக வரைவது வேறொரு வேலை. நினைவகத்தில் "கே" என்பது முதலில் க, பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் குறி இடப்புறம் வர வேண்டும். "கொ" என்றால் குறி பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி நூலகத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது இயங்குதளத்திடம் அதை ஒப்படைக்க நூலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கியூட் இதற்கு ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற எழுத்து வடிவமைப்புப் பகுதியைப் பயன்படுத்துகிறது. ஜிடிகே (GTK) நூலகம் பாங்கோ என்ற இடைப் பகுதி வழியாக அதே ஹார்ஃப்பஸ்ஸிடம் போகிறது. டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் (wxWidgets), வின்ஃபார்ம்ஸ், லாசரஸ் ஆகியவை இயங்குதளத்தின் சொந்தப் பெட்டிகளையும் பொத்தான்களையும் பயன்படுத்துவதால், அங்கே தமிழ் சரியாக வந்தால் இவற்றிலும் வரும். பைத்தனோடு சேர்ந்தே வரும் டிகின்டர் (Tkinter) நூலகத்தில்தான் பலர் விழுகிறார்கள். விண்டோஸில் ஒழுங்காகத் தெரிந்த அதே நிரல், டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே (Tk) 8.6 உள்ள லினக்ஸில் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். கடையில் லினக்ஸ் ஓடினால் டிகின்டரை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சோதனைச் சொற்களைத் தேடி அலைய வேண்டாம், நம் ஊர்ப் பெயர்களே போதும். கொக்குவில், கோண்டாவில், தெல்லிப்பழை, வேலணை, கைதடி. இவற்றோடு ஸ்ரீதரன், கௌரி, லக்ஷ்மி என்ற பெயர்களையும் சேருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இந்த எட்டுச் சொற்களுக்குள் தெரிந்துவிடும். திரையில் மட்டுமன்றி உரைப்பெட்டிக்குள்ளும், அட்டவணையின் தலைப்பிலும், சாளரத்தின் தலைப்பிலும் பாருங்கள்.

பிறகு தட்டிப் பாருங்கள். சொல்லின் நடுவில் கர்சரை வைத்து அழியுங்கள். ஒரு விசை அழுத்தத்தில் குறி மட்டும் போகிறதா, முழு எழுத்தும் போகிறதா என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். எது சரி என்று வாதிட வேண்டாம். காசாளர் குழம்பாமல் இருந்தால் போதும். அவர் ரெங்கநாதன் முறை, தமிழ் 99, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றில் எதில் தட்டுகிறாரோ அதிலேயே சோதியுங்கள். உங்கள் கைப்பழக்கம் இங்கே கணக்கில் இல்லை.

நீளக் கட்டுப்பாடு இன்னொரு பொறி. "யாழ்ப்பாணம்" என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 குறியீடு. பெயர்ப் பெட்டிக்குப் பத்து என்று எல்லை வைத்தால் ஊரின் பெயரே கடைசிப் புள்ளியை இழந்து "யாழ்ப்பாணம" என்று நிற்கும். தமிழுக்கான எல்லைகளைத் தாராளமாக வையுங்கள்.

அகரவரிசையையும் பாருங்கள். குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் ற, ன, ழ ஆகியவை நம் நெடுங்கணக்கில் இல்லாத இடங்களில் வந்து நிற்கும். ஆகவே சாதாரண ஒப்பீட்டை விட்டுவிட்டு, மொழி அறிந்து அடுக்கும் வசதி நூலகத்திலோ நிரல்மொழியிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். கியூட்டிலும் டாட் நெட்டிலும் இருக்கிறது. தேடலுக்கு முன் உரையை ஒரே ஒருங்குறி வடிவத்துக்குக் கொண்டுவருவதும் அவசியம். "கொ" என்பதன் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் அவை பொருந்தாமல் போகும்.

எழுத்துருவை நிரலோடு சேர்த்தே கொடுங்கள். விண்டோஸ் 8இலிருந்து வரும் நிர்மலா யூஐ விண்டோஸ் 7இல் இல்லை. அங்கே இருப்பது லதா. இரண்டின் அகலமும் வேறு என்பதால் உங்கள் பில்லின் வரிகள் இடம் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிரலோடு சேர்த்து வழங்க அதன் உரிமம் இடம் தருகிறது.

கடைசியாக, பொத்தான்களுக்கு நிலையான அளவு கொடுக்காதீர்கள். "இரத்துச் செய்" என்பது ஆங்கிலச் சொல்லுக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காது. தமிழ் எழுத்துகள் கீழேயும் இறங்குவதால் உயரம் குறைந்தால் உகரக் குறிகள் வெட்டுப்படும். உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும் தளவமைப்பு எல்லா நல்ல நூலகத்திலும் உண்டு. வின்ஃபார்ம்ஸில் இழுத்து வைக்கும் வசதி இருப்பதால் புதியவர்கள் அதைத் தேடுவதே இல்லை.

5. கடையின் அச்சுப்பொறியிலேயே அச்சிடுங்கள்

நான் பார்த்தவரை, நூலகத் தேர்வில் மிகுதியாக மறக்கப்படுவது அச்சுதான். கடையில் மென்பொருளின் முகம் திரையல்ல, வாடிக்கையாளர் கைக்குப் போகும் அந்தத் துண்டுச் சீட்டு.

வெப்ப அச்சுப்பொறிகளுக்கு எழுத்தை நேரடியாக அனுப்பும் கட்டளை முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கு அது வேகமானது. ஆனால் அவற்றின் உள் எழுத்துத் தொகுதியில் வழக்கமாகத் தமிழ் இருப்பதில்லை, ஆகவே கேள்விக்குறிகளோ பொருளற்ற குறிகளோதான் வரும். தமிழ் வேண்டுமென்றால் பில்லை ஒரு படமாக வரைந்து அனுப்ப வேண்டும். விண்டோஸின் அச்சு இயக்கி வழியாக அனுப்பினால் இது தானாகவே நடக்கும்.

நேரடியாகப் படம் அனுப்புவதென்றால் அளவு தெரிந்திருக்க வேண்டும். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) அச்சுப்பொறியில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். 80 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் பொதுவாக 72 மில்லிமீட்டர், அதாவது 576 புள்ளிகள். 58 மில்லிமீட்டர் தாளில் 384 புள்ளிகள். இந்த அகலத்துக்கு வரையாமல், பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் மெல்லிய தமிழ்க் கோடுகள் உடைந்துவிடும். தடித்த எழுத்து வடிவம் இங்கே நன்றாக நிற்கும்.

நூலகங்களைப் பொறுத்தவரை: கியூட், வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், டபிள்யூஎக்ஸ், ஜிடிகே, ஜாவாஎஃப்எக்ஸ் ஆகியவற்றில் அச்சிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. டிகே 8.6இல் இல்லை. ஃப்ளட்டரில் வெளிப் பொதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லாத இடத்தில் பலர் பிடிஎஃப் கோப்பை உருவாக்கி, அதை வேறொரு நிரலில் திறந்து அச்சிட வைக்கிறார்கள். காசாளருக்கு ஒவ்வொரு பில்லுக்கும் கூடுதல் சொடுக்குகள். நல்லூர்த் திருவிழாக் காலக் கூட்டத்தில் அது நடக்காத காரியம்.

6. விசைப்பலகையும் பார்கோடு வருடியும்

காசாளர் சுட்டியைத் தொடாமல் ஒரு பில்லை முடிக்க முடிய வேண்டும். தாவல் விசை (Tab) எந்த வரிசையில் நகர்கிறது, செயல் விசைகளுக்குக் கட்டளை கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலான பார்கோடு வருடிகள் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தோன்றுகின்றன. எண்களைத் தட்டிவிட்டு, இறுதியில் என்டர் விசையையும் தாங்களே அழுத்துகின்றன. கியூட்டின் உரையாடல் சாளரத்தில் முதல் பொத்தான் என்டருக்குத் தானாகவே இசையும் வழக்கம் உண்டு. விளைவாக, முதல் பொருளை வருடியவுடனேயே பில் சேமிக்கப்பட்டு மூடிவிடும். அந்தத் தானியங்கு இசைவை நிறுத்துங்கள்.

தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது வருடினால் பார்கோட்டில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாக மாறி விழும். பார்கோடு பெட்டிக்குள் நுழையும்போது ஆங்கில விசைப்பலகைக்கு மாற்ற நூலகம் வழி தருகிறதா என்று சோதியுங்கள். விண்டோஸில் வின்ஃபார்ம்ஸ் இதற்கு வசதியானது.

7. உரிமத்தை வாசியுங்கள்

பைத்தனில் கியூட்டைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உள்ளன. பைகியூட் ஜிபிஎல் உரிமத்திலோ கட்டண உரிமத்திலோ கிடைக்கிறது. அதாவது கட்டணம் செலுத்தாமல் நிரலை விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் கொடுக்கக் கடமைப்படுகிறீர்கள். பைசைட் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. மூல நிரலைக் கொடுக்காமல் விற்கலாம், ஆனால் கியூட் பகுதியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைப் பயனருக்கு விட்டுவைக்க வேண்டும். இரண்டின் நிரல் வரிகளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே முதலிலிருந்தே பைசைட்டில் எழுதுங்கள். கியூட்டின் சில துணைப் பகுதிகள், எடுத்துக்காட்டாக விளக்கப்படங்கள் (charts) வரையும் பகுதி, எல்ஜிபிஎல்லில் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், அவலோனியா ஆகியவை எம்ஐடி உரிமத்தில் உள்ளன. டபிள்யூஎக்ஸின் உரிமமும் மூடிய நிரலை விற்க இடம் தருகிறது.

8. மொழியும் தோற்றமும் இப்போதுதான்

மொழியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே உள்ளவற்றில் தோற்ற நூலகத்தை உங்களுக்குப் பிடித்த மொழி காப்பாற்றாது என்பதுதான். என் தேர்வுகளைச் சொல்கிறேன்.

விண்டோஸ் மட்டும், பில்லும் இருப்பும் மட்டும் என்றால் சி ஷார்ப்பும் வின்ஃபார்ம்ஸும். பார்வைக்குப் பழையது, ஆனால் அச்சும் தமிழும் விசைப்பலகையும் மூன்றிலும் கைகொடுக்கிறது. லினக்ஸும் வேண்டும் அல்லது பைத்தன்தான் தெரியும் என்றால் பைசைட். கியூட்டுக்குள் விட்ஜெட்ஸ், கியூஎம்எல் என்று இரண்டு பாதைகள் உள்ளன. தரவு நிரப்பும் கடை வேலைக்கு விட்ஜெட்ஸ் பாதையை எடுங்கள். கியூஎம்எல் அசைவுகளுக்கு நல்லது, ஆனால் பழைய வரைகலைச் சில்லுகளில் தொல்லை தரும். ஜிடிகே லினக்ஸில் அருமையானது. விண்டோஸில் அதைப் பொதியாக்குவது தனி வேலை என்பதால் விண்டோஸ் கடைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கைப்பேசி டேட்டாவில் பதிவிறக்குகிறவர்கள் முழுப் பைசைட்டையும் இறக்காமல் எசென்ஷியல்ஸ் பொதியை மட்டும் இறக்குங்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அது போதும்.

9. சோதனை நிரலைக் கடைக் கணினியில் நிறுவுங்கள்

முழு மென்பொருளையும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். உங்கள் மடிக்கணினியில் பைத்தனும் துணைக் கோப்புகளும் ஏற்கெனவே இருப்பதால் அங்கே எல்லாம் ஓடும். வெறும் கணினியில் ஓடுவதே சோதனை.

பைத்தன் நிரலை இயங்கு கோப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்கான நிரலையே உருவாக்கும். லினக்ஸில் இருந்து விண்டோஸ் நிரல் செய்ய முடியாது. ஒரே கோப்பாகக் கட்டும் முறையை விட்டுவிட்டு கோப்புறையாகக் கட்டுங்கள். ஒரே கோப்பு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக இடத்தில் விரித்துக்கொள்கிறது. பழைய வன்தட்டில் அது நீண்ட காத்திருப்பு. நச்சுநிரல் தடுப்பிகளும் அத்தகைய கோப்புகளை அடிக்கடி சந்தேகிக்கின்றன. கோப்புறையை இன்னோ செட்டப் போன்ற நிறுவியில் கட்டிக் கொடுங்கள். பைசைட்டின் உரிம நிபந்தனையை நிறைவேற்றுவதும் கோப்புறை முறையில் எளிது.

ஜாவா எடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜாவா 11இலிருந்து ஜாவாஎஃப்எக்ஸ் தனிப் பொதி. அதையும் சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள்.

10. எழுதத் தொடங்கும் நாளில் பிரித்து வையுங்கள்

வரி கணக்கிடுதல், இருப்பைக் குறைத்தல், பவுனுக்கு விலை போடுதல் ஆகியவற்றைப் பொத்தானின் நிரலுக்குள் எழுதாதீர்கள். தனிக் கோப்பில், எந்தச் சாளரத்தையும் அறியாத செயல்களாக எழுதுங்கள். நூலகத்தை மாற்ற வேண்டிவந்தால் சாளரங்களை மட்டும் திரும்ப எழுதினால் போதும். விலைக் கணக்கு சரியா என்பதைச் சாளரம் திறக்காமலே சோதிக்கவும் முடியும்.

எல்லா இடைமுக நூலகங்களிலும் சாளரத்தை ஒரே இழைதான் (thread, நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) கவனித்துக்கொள்கிறது. ஆண்டு அறிக்கை போன்ற நீண்ட வேலையை அதே இழையில் ஓட்டினால் "பதிலளிக்கவில்லை" என்று சாளரம் உறையும். காசாளர் மின்பொத்தானை அணைத்துவிடுவார். நீண்ட வேலையை வேறு இழைக்கு அனுப்புங்கள், ஆனால் அங்கிருந்து பெட்டிகளையோ அட்டவணையையோ நேரடியாகத் தொடாதீர்கள். கியூட்டில் சமிக்ஞை மூலமும் வின்ஃபார்ம்ஸில் இன்வோக் மூலமும் முடிவைத் திருப்பி அனுப்ப வேண்டும். நேரடியாகத் தொட்டால் உங்கள் கணினியில் பலமுறை சரியாக ஓடிவிட்டு, கடையில் எப்போதாவது காரணம் தெரியாமல் மூடிக்கொள்ளும். அந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பில்லைச் சேமிப்பதை ஒரே பரிவர்த்தனையாக, அதாவது முழுவதும் பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாத வகையில், தரவுத்தளத்தில் எழுதுங்கள். எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளம் இதற்குப் போதும். நடுவில் மின்சாரம் போனால் பில் மட்டும் பதிவாகி இருப்புக் குறையாமல் நிற்பதைத் தடுக்க இதுவே வழி. சோதனை நிரலிலேயே ஒருமுறை சேமிக்கும் நேரத்தில் மின்செருகியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றச் சாளரங்களை எழுதத் தொடங்குங்கள்.